ஒரு வாளித் தண்ணீரும் நான்கு வகுப்பறைகளும்

வரும் ஜூனில் எங்கள் மழலையர் பள்ளியை எந்த முறையில் நடத்துவது என்று ஏப்ரல் முடிவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். பெங்களூரு அல்சூரில், ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளமும் சின்ன முற்றமும்தான் பள்ளி. 38 குழந்தைகள், 3 ஆசிரியைகள், ஓர் ஆயாம்மா. குழந்தைகளில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தெருவில் கன்னடம், பெற்றோரின் ஆசையில் ஆங்கிலம். பள்ளியை நடத்தும் அம்மா இந்த ஆண்டுக்கென்று 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: "எதையாவது ஒன்றை முடிவு பண்ணுங்க. நாலையும் கலந்து கதம்பச் சாதம் ஆக்காதீங்க."

நாலு என்று அவர் சொன்னதில் முதலாவது, இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது: பயிற்சிப் புத்தகம், பாட்டு, மிச்ச நேரத்தில் விளையாட்டு. இரண்டாவது, மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்த மாண்டிசோரி முறை. மூன்றாவது, இத்தாலியின் ரெஜியோ எமிலியா ஊர்ப் பள்ளிகளிலிருந்து கிளம்பி வந்த முறை. நான்காவதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆசிரியைகளில் இளையவர். அஞ்சல் வழியில் கல்வியியல் முதுகலை படிக்கிறார். பின்மனிதவியல் என்று அவர் சொன்னதும், "மனுஷனுக்குப் பின்னாடி என்ன, பேயா?" என்று கேட்டார் அந்த அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன். 16 வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பெயர் வரும், அதன் பின்னாலேயே விலைப்பட்டியலோடு ஒருவர் வருவார். இந்த நான்காவதுக்கு மட்டும் யாரும் பட்டியலோடு வரவில்லை. அதனாலேயே கொஞ்சம் நின்று படித்துப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மனிதன்தான் நடு, மற்றதெல்லாம் அவன் கைக்கருவி அல்லது அவனுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை என்று பார்க்கிற பழக்கத்தை விடச் சொல்கிறது இந்தச் சிந்தனை. இதில் அடிக்கடி வருகிற பெயர் காரென் பராட். இயற்பியல் படித்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்தவர். 2007-ல் வந்த நூலில் 'இன்ட்ரா-ஆக்ஷன்' என்ற ஒரு சொல்லை அவர் விரித்துச் சொல்கிறார். நாம் ஊடாட்டம் என்று சொல்லும்போது தனித்தனியாக இரண்டு பேர் முன்கூட்டியே இருக்கிறார்கள், அப்புறம் சந்திக்கிறார்கள். பராட் சொல்வதில் முதலில் இருப்பது சந்திப்பு. அதற்குள்ளிருந்துதான் இது குழந்தை, இது மண் என்று இரண்டும் பிரிந்து தெரிய வருகின்றன. தலை சுற்றினால் சப்பாத்திக்கு மாவு பிசைவதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் என்பதைப் பிசைகிற கை மட்டுமா முடிவு செய்கிறது? மாவும், அன்றைய காற்றின் ஈரமும் சேர்ந்துதான் சொல்கின்றன. கை பழகுகிறது என்றால் மாவு கையைப் பழக்குகிறது என்றும் பொருள்.

இதை மழலையர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனின் ஹிலெவி லென்ஸ் டாகுச்சி. 2010-ல் அவரும் கரின் ஹுல்ட்மனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று ஒரு சாதாரணப் புகைப்படத்தை எடுத்துக்கொள்கிறது. மணல்தொட்டியில் விளையாடும் ஒரு சிறுமி. படத்தைப் பார்த்ததும் நம் கண் நேரே அவளிடம் போய்விடுகிறது. அவள் மணலை என்ன செய்கிறாள் என்று கேட்கிறோம். மணல் அவளை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்பதில்லை. அந்தப் பார்வைப் பழக்கத்தைத்தான் இருவரும் கிளறுகிறார்கள். இதைப் படித்த அன்று என் கைப்பேசியில் இருந்த வகுப்புப் படங்களையெல்லாம் திரும்பப் பார்த்தேன். ஒன்றில்கூட மணல் முழுதாக இல்லை. எல்லாமே முகங்கள். மணலை நானே வெட்டியிருந்தேன்.

இந்த இடத்தில் நம்மில் யாருக்கும், "இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கே" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. நற்றிணையின் 172-ஆம் பாட்டில், தோழிகளோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்குத் தங்கை என்று அன்னை அந்த மரத்தைச் சொல்லிவிடுகிறாள். அப்புறம் அதன் நிழலில் நின்று காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்காதா? மணல் விளையாட்டு, மறந்த விதை, தங்கை மரம்: ஒரு மழலையர் பள்ளியின் ஓராண்டுத் திட்டமே அந்தப் பாட்டுக்குள் கிடக்கிறது. ஆனால் அதே மூச்சில் தொல்காப்பிய மரபியலையும் நினைத்துக்கொள்ள வேண்டும். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையின் இனமாகிய நந்துக்கு ஈரறிவு, இப்படியே ஏறி மக்களுக்கு ஆறறிவு. படிக்கட்டின் உச்சியில் நாம். பின்மனிதவியல் இறங்கச் சொல்வது இதே படிக்கட்டிலிருந்துதான். ஆகவே பெருமையை அளவோடு வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரே வாளி, இருபது நிமிடம்

புத்தகத்தில் வைத்து ஒப்பிட்டால் நான்குமே நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரே காட்சியை நான்கிலும் ஓட்டிப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர், நாலைந்து குழந்தைகள், இருபது நிமிடம்.

இப்போதைய எங்கள் முறையில் தண்ணீர் யாரையும் நனைக்காது. புத்தகத்தில் ஒரு குழாய்ப் படம் இருக்கும். நீல வண்ணம் தீட்ட வேண்டும், 'வாட்டர்' என்ற சொல்லைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுத வேண்டும். வாளி கழுவுமிடத்திலேயே இருக்கும். இதைக் கேலி செய்வது சுலபம், ஆனால் மாலையில் அம்மா வந்து நிற்கும்போது கையில் கொடுக்க ஒரு தாள் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பல, இரண்டு தலைமுறைக்கு முன்பு எழுத்தையே தொடாதவை. அந்த வீட்டில் தாளில் ஓர் எழுத்து வந்து சேர்வது சின்ன விஷயமில்லை. என்றாலும் இந்த முறைக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. அரசின் ஏட்டிலேயே இதற்கு இப்போது இடமில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி, 3 முதல் 8 வயது வரையான அடித்தள நிலைக்கு 2022 அக்டோபரில் வந்த கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டையும் வீட்டுமொழியையும்தான் முன்னே வைக்கிறது. 2023 பிப்ரவரியில் 'ஜாதுயி பிடாரா' என்று பொம்மையும் புதிரும் அட்டையும் கொண்ட பெட்டியையே வெளியிட்டார்கள். கர்நாடக அரசு அதே ஆண்டில் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது வேறு கதை. எந்த அரசும் மூன்று வயதுப் பிள்ளையைப் புள்ளிக்கோட்டில் எழுத வைக்கச் சொல்லவில்லை. சொல்வது நாங்கள்தான்.

மாண்டிசோரி வகுப்பில் தண்ணீர் மரியாதையோடு உள்ளே வரும். ஒரு தட்டு, அதில் இரண்டு சின்னக் கூஜா, ஒரு ஸ்பான்ஜ். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊற்ற வேண்டும். சிந்தினால் தட்டே காட்டிக்கொடுக்கும், ஆசிரியை வாயைத் திறக்க வேண்டாம். குழந்தை துடைத்துவிட்டு மறுபடி ஊற்றும். ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிப் பதினைந்து நிமிடம் ஊற்றுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் மேல் ஒரு பக்தியே வந்துவிடும். எனக்கும் உண்டு. 1907-ல் ரோமின் சான் லொரென்சோவில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கியது இது. 1939-ல் மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். 1940-ல் இத்தாலியும் போரில் இறங்கி எதிரி நாடானதால், இங்கேயே மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். ஆக நமக்கு இது இரவல் சரக்கும் இல்லை.

பின்மனிதவியலைப் படித்த கண்ணோடு பார்த்தால் மாண்டிசோரி எதிர்ப்பக்கத்தில் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிழையைப் பொருளே சொல்லட்டும் என்றவர் அவர். பெரிதின் மேல் சிறிதாக அடுக்குகிற இளஞ்சிவப்புக் கோபுரத்தின் 10 கட்டைகளும், 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை, பிள்ளையின் கையோடு நேரடியாகப் பேசுகின்றன. பொருளுக்குப் பேச உரிமை கொடுத்தார். ஆனால் என்ன பேச வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். கோபுரத்தின் கட்டையை ஒரு பையன் லாரியாக ஓட்டினால் அது பாடமில்லை. தட்டிலுள்ள தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டுமே. அது எங்கிருந்து வந்தது, துடைத்த பிறகு எங்கே போனது என்பதற்குத் தட்டில் இடமில்லை.

எங்களுக்கு வேறு சிக்கலும் இருந்தது. முழுத் தொகுப்புக்கு வந்த விலைப்பட்டியல் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. பயிற்சி தனி. அந்த முறை கேட்கிற இடையறாத மூன்று மணி நேரம், ஒன்பதுக்குத் திறந்து பன்னிரண்டரைக்கு மூடும் எங்கள் பள்ளியில் காலை உணவோடு சேர்த்துக் கிடைக்காது. விரலால் தடவிப் பழகுகிற உப்புத்தாள் எழுத்து அட்டைகளை எந்த மொழியில் வாங்குவது என்று ஒருநாள் முழுக்க விவாதித்தோம். ஆங்கிலம் என்றால் 26 அட்டை. தமிழில் மொத்தம் 247 என்று நான் சொன்னதும் கணக்கு எழுதுபவர் பேனாவை மூடிவிட்டார்.

ரெஜியோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குச் சண்டை குறைவு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் ரெஜியோ எமிலியாவுக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற சிற்றூரில், விட்டுப்போன ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் மக்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அங்கே சைக்கிளில் போய்ச் சேர்ந்துகொண்டு, பின்னாளில் இந்த முறையை வளர்த்தவர் லோரிஸ் மலகுஸ்ஸி. சூழலை மூன்றாவது ஆசிரியர் என்று சொல்கிற மரபு அது. அங்கே நம் வாளியைச் சுற்றிப் புனல், ஒளி ஊடுருவும் குழாய், மூங்கில் துண்டு எல்லாம் வந்து சேரும். தண்ணீர் ஏன் மேலே ஏற மாட்டேன் என்கிறது என்று பிள்ளைகள் ஊகிப்பார்கள், ஆசிரியை அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிச் சுவரில் ஒட்டுவார். லென்ஸ் டாகுச்சி இந்த ஆவணப்படுத்தும் மரபின் வழியாகவே தன் கோட்பாட்டுக்கு வந்தார். இருந்தாலும் சுவரில் ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் கதாநாயகன் குழந்தைதான். தண்ணீர் அவன் சிந்தனைக்குக் கிடைத்த சாயம். இன்னொரு குறை ரெஜியோவினுடையது இல்லை, பெங்களூரினுடையது. இங்கே அந்தப் பெயர் மெத்தென்ற மரச்சாமான், வெள்ளைத் துணி, பெரிய கட்டணம் என்ற பொட்டலத்தில்தான் கிடைக்கிறது. பீரங்கி விற்ற காசை அதில் காணோம்.

லாரி வந்த நாள்

நான்காவதுக்கு நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. 2024 மார்ச் கையில் இருந்தது.

அந்த மாதம் நகரம் வறண்டு கிடந்தது. குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவே போட்டது. எங்கள் ஆழ்துளைக் கிணறு கையை விரித்துவிட்டது. தண்ணீர் விளையாட்டை நிறுத்தினோம், வாளியைக் கவிழ்த்து வைத்தோம். பத்து நாளுக்கு ஒருமுறை டேங்கர் லாரி வரும். ஒருநாள் லாரியின் குழாய் இணைப்பில் கசிவு. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஈரம் மெல்ல ஊர்ந்தது. வகுப்பு கலைந்துவிட்டது. அன்று மாலை நான் எழுதிய குறிப்பு இன்னும் இருக்கிறது: "நால்வர் வெளியே சென்றனர். கவனம் சிதறல். திரும்ப அழைக்க 10 நிமிடம். நுண்தசைப் பயிற்சி தடைப்பட்டது."

இளைய ஆசிரியை அதே சம்பவத்தை, இந்தக் கோட்பாட்டைப் படித்த பிறகு, நினைவிலிருந்து வேறு மாதிரி எழுதிக் காட்டினார்: "குழாய் கசிந்தது. ஈரம் சரிவு பார்த்து வலப்பக்கம் வளைந்தது, பிள்ளைகளும் வளைந்தனர். விரிசலில் இருந்த எறும்புகள் வழியை மாற்றின. ஒருவன் செருப்பைக் கழற்றி அணை வைத்தான். செருப்பு மிதந்தது. லாரிச் சத்தம் நின்றதும் எல்லோரும் நிமிர்ந்தனர். ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார், பெருக்கவில்லை."

என் குறிப்பில் நான்கு குறைகள் இருக்கின்றன, தண்ணீர் இல்லை. அவர் குறிப்பில் யாருக்கும் மதிப்பெண் இல்லை, ஆனால் மறுநாள் என்ன செய்யலாம் என்று பார்த்தவுடன் தெரிகிறது: விரிசலைப் பார்க்கலாம், சரிவை அளக்கலாம், எந்தெந்தச் செருப்பு மிதக்கும் என்று பார்க்கலாம். இந்த ஒப்பீட்டில் எனக்கு நிஜமாகவே திருப்பம் என்றால் இந்த இரண்டு குறிப்புகள்தான்.

அன்று செருப்பு அணை கட்டியவன் இன்னொன்றும் கேட்டான். "மிஸ், இந்தத் தண்ணி யாரோடது?" லாரிக்கார அண்ணனுடையது என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த நகரம் குடிக்கும் காவிரி தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் பயணித்து, மேடு ஏற்றப்பட்டு வருகிறது. அந்த வறட்சிக்குப் பிறகு, 2024 அக்டோபரில், ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 77.5 கோடி லிட்டர். ஆனால் பெங்களூர்த் தமிழ் வீட்டில் காவிரி வெறும் குழாய்க் கணக்கு இல்லை. 1991 டிசம்பரில் எனக்குப் பதினோரு வயது. நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் தெருவில் கலவரம். பாட்டி கதவை அடைத்து விளக்கை அணைத்தார், சத்தமாகத் தமிழில் பேசாதீர்கள் என்றார். 2016 செப்டம்பரில் அதே பயத்தோடு பள்ளியிலிருந்து பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பொருளும் பொருளின் அர்த்தமும் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன என்று பராட் சொல்வது எனக்கு அந்த வாளியில்தான் புரிந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் காவிரிப் பிரச்சினையைச் சொல்லிக்கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாளியில் என்னவெல்லாம் கரைந்திருக்கிறது என்று ஆசிரியைக்குத் தெரிந்திருந்தால், "யாரோடது?" என்ற கேள்வியை லாரிக்காரர் தலையில் கட்டிவிட்டு ஓட மாட்டார். கூஜாவும் தட்டும், ஒளி ஊடுருவும் குழாயும் என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை.

துணியோடு பேசுவது யார்

சரி, அப்படியானால் நான்காவதுதான் என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆயாம்மா முடிக்க விடவில்லை. வாரம் மூன்று நாள் மண்ணும் தண்ணீரும் என்று நாங்கள் திட்டம் போட்டதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளைங்க மண்ணோட பேசட்டும் மிஸ், நல்லதுதான். துணியோட பேசறது யாரு? நான்தானே?"

நான் படித்தவற்றில் மணல் வருகிறது, புழு வருகிறது, வானிலை வருகிறது. துவைக்கிற கை அரிதாகவே வருகிறது. மனிதனை நடுவிலிருந்து நகர்த்துங்கள் என்கிறார்கள். எந்த மனிதனை? இந்த நகரத்தின் தெருக்களை விடியற்காலையில் பெருக்கும் பௌரகார்மிகர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களை யாரும் எப்போதும் நடுவில் வைத்ததில்லை. அதனால் அவர்களிடம் போய் நகருங்கள் என்று சொல்ல ஒன்றுமில்லை. கனடாவின் மெட்டி என்னும் பழங்குடியைச் சேர்ந்த அறிஞர் ஸோயி டாட் 2016-ல் இதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு குறையைச் சொன்னார்: பழங்குடிகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததை ஐரோப்பியச் சிந்தனையாளர்களின் பெயரில் புதிது போலப் பேசுகிறார்கள் என்று. நமக்கு இன்னும் ஒருபடி கூடுதல் சிக்கல். இங்கே மண்ணையும் அழுக்கையும் தொடுவது யார் என்பதைச் சாதி முன்பே எழுதி வைத்திருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "காசு கட்டி அனுப்பறது மண் அள்ளவா மிஸ்?" என்று கேட்டார். படிக்காதவர் கேட்கிற கேள்வி என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். கூட்டம் முடிந்ததும் அவர் தனியாக வந்து சொன்னார். அவருடைய அம்மா கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். மண் சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைக்க அந்தக் குடும்பத்துக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அவருடைய மகள் மணலோடு விளையாடுவது ஸ்டாக்ஹோமில் ஒரு சிறுமி விளையாடுவதைப் போல இல்லை. உண்மையில் இதையும் பின்மனிதவியல் சொல்லியாக வேண்டும். மண்ணில் வரலாறு இருக்கிறது என்றால் சித்தாளின் சும்மாடும் அதில்தான் இருக்கிறது. கோட்பாடு தடுக்கவில்லை, எழுதியவர்களுக்கு அந்தச் சும்மாடு தெரியாது, அவ்வளவுதான்.

நத்தை விஷயம் இன்னொரு விதமான தலைவலி. மழை பிடித்துக்கொண்டால் பெங்களூர்த் தோட்டச் சுவர்களில் ஆப்பிரிக்கப் பெருநத்தைகள் ஏற ஆரம்பிக்கும். எங்கள் முற்றத்திலும்தான். தமிழ்ப் பிள்ளை நத்தை என்கிறது, பக்கத்துப் பிள்ளை பசவன ஹுளு என்கிறது. பசவன் என்றால் காளை. கொம்பு இருப்பதால் அந்த ஞாபகம் வந்திருக்கலாம், அழகான பெயர். அஃப்ரிகா டெய்லரும் வெரோனிகா பசினி-கெட்சபாவும் 2015-ல் எழுதிய கட்டுரை, ஆஸ்திரேலியாவில் எறும்புகளோடும் கனடாவில் மண்புழுக்களோடும் பிள்ளைகள் கழிக்கும் நேரத்தைப் பற்றியது. அதைப் படித்தால் நாளைக்கே நத்தையைக் கையில் எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. இந்த நத்தை எலிகளிடமிருந்து வரும் ஒரு நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடும், அது மனிதரின் மூளையுறையைப் பாதிக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். போதாததற்கு இது வந்தேறிப் பயிர்க்கொல்லி. தோட்டக்காரர் உப்பைத் தூவிக் கொல்கிறார், பிள்ளைகள் அதையும் பார்க்கிறார்கள். டெய்லரும் பசினி-கெட்சபாவும் இதைத் தேன் தடவிச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரால் ஒருவருக்கு நேரும் ஆபத்தோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றித்தான் அவர்கள் பேச்சு. ஆனால் ஒரு பிஞ்சுக் கை நத்தையை நோக்கி நீளும்போது "தொடாதே" என்று சொல்ல வேண்டியது நத்தையும் இல்லை, மழையும் இல்லை, நான்தான். அந்தப் பொறுப்பில் எனக்கு யாரும் சரிபாதி கிடையாது.

என்ன எடுத்தோம்

நான்கையும் ஒரே அலமாரியில் வைத்தது என் தப்பு என்று கடைசியில் புரிந்தது. பின்மனிதவியலில் எழுத்து எப்போது தொடங்குவது, எண்ணிக்கை எந்த வரிசையில் என்பதற்குப் பதில் இல்லை. முழு முறையாக அதை மட்டும் வைத்தால் ஆகஸ்டில் பாதிப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், அவர்கள் செய்வது நியாயமாகவும் இருக்கும். அது ஆசிரியை எப்படிப் பார்க்கிறார், எதை எழுதுகிறார் என்பதை மாற்றுகிற சங்கதி.

அதனால் பள்ளியை நடத்தும் அம்மாவிடம், "ஒன்றைத்தான் எடுத்திருக்கிறோம், குறிப்பு நோட்டு" என்றேன். அன்றாட நேர அட்டவணை அரசுச் சட்டகம் சொல்லும் விளையாட்டு வழி. அதற்குக் காசு வேண்டாம். எழுத்துக்கும் எண்ணுக்கும் தினம் அரை மணி நேரம், மாலையில் கொடுக்க ஒரு தாள் உட்பட. அந்தத் தகப்பனாருக்கு நான் தர வேண்டிய மரியாதை அது. மாண்டிசோரியில் கூஜாத் தட்டு மட்டும், கடைவீதிப் பித்தளைக் கூஜாவே போதும். கதம்பச் சாதம்தானே இது என்று அவர் முறைத்தார். கொஞ்சம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் வாரம் ஒருநாள், ஆண்டு முழுவதும், முற்றத்தின் அதே மூலைக்குப் போவதும், வந்து அந்த மூலையில் என்ன நடந்தது என்று எழுதுவதும் மட்டும் எதற்காகவும் நிற்காது என்று சொல்லிவிட்டேன். படம் எடுத்தால் மணலும் படத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சி பெற்ற ஆசிரியையும் மூன்று மணி நேரமும் கலந்த வயதுப் பிள்ளைகளும் உங்களிடம் இருந்தால், யோசிக்காமல் மாண்டிசோரிக்குப் போங்கள். ஓர் அறை காலியாக இருந்து, படம் வரையத் தெரிந்த ஒருவரும் இருந்தால் ரெஜியோ. ஒரே அறையில் 40 பேர், ஒரே ஆசிரியை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்னோர் ஆளைப் போடச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

3 லட்சத்தில் பெரிய செலவு எந்தப் பட்டியலிலும் இல்லாதது. அரைநாளுக்கு இன்னோர் ஆயா, மாதம் 9,000 என்று பத்து மாதத்துக்கு 90,000. ஆசிரியைகள் மூவரும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோட்டுகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்ட, அந்த நேரத்துக்கும் சம்பளம். ஆயாம்மாவும் அந்தக் கூட்டத்துக்கு வருவார், அவருக்கும் சேர்த்துத்தான். அன்று லாரிக் கசிவில் பெருக்காமல் ஏன் நின்றீர்கள் என்று முதல் கூட்டத்தில் கேட்க நினைத்திருக்கிறேன்.

மாற்றுத் துணி ஆளுக்கு இரண்டு செட் என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை போய்விட்டது. அடுத்த வாரம் மொட்டைமாடியில் இரண்டாவது கொடிக்கயிறு கட்ட ஆள் வருகிறார். எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதை ஆயாம்மா வந்து சொல்வார்.